இடாப்பில் ஒரு முதலெழுத்து

ஆடி அமாவாசையன்று முல்லைத்தீவுக் கடற்கரையில் விடியற்புறத்திலேயே சனம் கூடிவிடும். தகப்பனை இழந்தவர்களின் நாள் அது. தாயை இழந்தவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. மணலில் அமர்ந்திருக்கும் ஐயரின் முன்னால் ஈரவேட்டியோடு ஒவ்வொருவராக வந்து இருப்பார்கள். விரலில் தர்ப்பைப் பவித்திரம், உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும். ஐயர் தகப்பனின் பெயரைக் கேட்பார், பிறகு பேரனின் பெயர், அதற்கும் மேலே பூட்டனின் பெயர். பெயர்களைச் சொல்லி எள்ளுத்தண்ணீரை இறைத்து, கடலில் மூழ்கி எழுந்து வீட்டுக்குப் போனால், கசப்பான காத்தோட்டிக்காய்க் கறியோடு படையல் ஆயத்தமாக இருக்கும். காகத்துக்கு வைத்த பிறகுதான் விரதகாரர் சோற்றில் கை வைப்பார்.

விதி எளிமையானது. தகப்பன் இல்லையென்றால் விரதம். இருக்கிறார் என்றால் இல்லை. உயிரோடு இருப்பவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது அவருடைய ஆயுளுக்கே கேடு என்பது ஊர் நம்பிக்கை.

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து போய், இராணுவத்திடம் கையளிக்கப்பட்டு, அதன்பிறகு திரும்பி வராத ஒருவரின் மகன் இந்த நாளில் என்ன செய்வான்? விரதம் பிடித்தால் தகப்பனைத் தன் கையாலேயே சாகடித்தவன் ஆகிறான். பிடிக்காமல் விட்டு, அவர் உண்மையிலேயே இறந்திருந்தால், ஒரு துளி தண்ணீருக்குக் காத்து நிற்கும் பிதிரைத் தாகத்தோடு திருப்பி அனுப்பியவன் ஆகிறான். தாய் பொட்டை அழிக்கவில்லை. அவள் வீட்டில் ஆடி அமாவாசை சமைப்பதில்லை. அயலில் சிலர் சொல்கிறார்கள்: இத்தனை வருசத்துக்குப் பிறகும் கிரியை செய்யாமல் விடுவது பாவம் என்று. சாத்திரம் அறிந்தவர்களிடம் கேட்டால், பன்னிரண்டு வருடம் தகவலே இல்லையென்றால் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யலாம் என்ற பழைய வழக்கத்தைச் சொல்வார்கள். அந்த வழக்கம் காசிக்குப் போய் வழிதவறியவர்களுக்கும் கப்பலேறிக் காணாமற்போனவர்களுக்கும் ஏற்பட்டது. ஊரே பார்த்திருக்க, பெயர் கொடுத்து, பஸ்ஸில் ஏற்றப்பட்டவருக்கு அது பொருந்துமா என்ற கேள்விக்கு எந்தப் பத்ததியிலும் விடை எழுதப்படவில்லை.

கடற்கரையில் ஆண்டுக்கு ஒருமுறை எழும் இதே கேள்வியை அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பலமுறை சந்திக்கிறான். புலமைப்பரிசில் நிதிக்கு ஒரு படிவம், வெளிநாட்டுச் சங்கம் ஒன்று சைக்கிள் கொடுக்கிறது என்றால் ஒரு படிவம், சப்பாத்துக்கும் கொப்பிக்கும் ஒரு பட்டியல். தகப்பன் இருக்கிறாரா, இல்லையா? இருக்கிறார் என்று எழுதினால் உதவி கிடையாது. இல்லை என்று எழுதினால் மரணச் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். உள்ளூர்ச் சொல்லில் ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற ஒரு வகை உண்டு; தாய்க்கு அது பொருந்திப் போகிறது. பிள்ளைக்குப் பொருந்தும் சொல் ஒன்றும் இல்லை.

அரசும் இந்தக் கேள்வியில் தடுமாறித்தான் நின்றது. காணாமற்போனவர்களின் இறப்பைப் பதிவுசெய்ய 2010இல் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அதன்படி மரணச் சான்றிதழ் எடுத்தால் காணி மாற்றலாம், வங்கிக் கணக்கைத் திறக்கலாம், நட்டஈடு கேட்கலாம். பல தாய்மார் அதைத் தொட மறுத்தார்கள். எப்படிச் செத்தார், யார் கையில் செத்தார், உடல் எங்கே என்று சொல்லாமல், செத்தார் என்று மட்டும் சொல்லும் கடதாசி அது. 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, ஆள் இறந்ததாகச் சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிசெய்யும் வேறொரு சான்றிதழுக்கு இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே, 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலிலும் மார்ச்சில் முல்லைத்தீவிலும், சான்றிதழ் வேண்டாம் பதில் வேண்டும் என்று தாய்மார் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் பந்தல்களில் பெற்றோர் இருந்த நாட்களில் பிள்ளைகளை அம்மம்மாமார் பள்ளிக்கு அனுப்பினார்கள். அம்மம்மா இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளை அனுப்பினாள்.

அந்த மூத்த பெண்பிள்ளையைச் சைவ உலகம் நன்றாக அறியும். திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் அடுத்தடுத்து இறந்துபோக, நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை கலிப்பகையார் போர்க்களத்தில் பட்டுப்போக, உயிரை விடத் துணிந்தவள் திலகவதி. நீயும் போனால் உனக்கு முன்னே நான் போவேன் என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுத தம்பிக்காக அவள் உயிரோடு இருந்தாள். அந்தத் தம்பிதான் பின்னாளில் திருநாவுக்கரசர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய இந்தப் பகுதியை வன்னியில் வாசிக்கிறவர்கள் உரைநூலைத் தேட வேண்டியதில்லை. போரில் துணையை இழந்த இளம்பெண், தாயும் தகப்பனும் இல்லாத தம்பி, ஒரு வீடு. புதுக்குடியிருப்பிலும் விசுவமடுவிலும் மாத்தளனிலும் இதே கணக்கில் வீடுகள் இருந்தன.

பெரியபுராணம் இன்னும் ஒன்று சொல்கிறது. அது பிரசங்கங்களில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தத் தம்பி கல்வி தேடிப் போன இடம் சமணப் பள்ளி. அங்கே கற்றுத் தேறி, தருமசேனர் என்ற பெயரோடு அவர்களுக்குத் தலைவராகவும் இருந்தார். அக்காவுக்கு அது தாங்கமுடியாத துக்கம். ஆனால் திருவதிகையில் கோயில் வாசலைக் கூட்டி மெழுகிக்கொண்டு அவள் காத்திருந்தாள். சூலைநோயோடு அவர் திரும்பி வந்தபோது கதவைச் சாத்தவில்லை. வன்னியில் இன்றைக்கும் ஒரு பிள்ளையை எந்தச் சமயத்தார் நடத்தும் இல்லத்தில் விடுவது, விட்டால் பிள்ளை திருநீறு பூசுமா என்று பெரியவர்கள் வாதாடும் பொழுது, திலகவதியின் பொறுமையை நினைக்கலாம். சமணர் கற்பித்த தமிழும் தருக்கமும் அப்பரின் நாவில் வீணாகப் போகவில்லை.

‘அநாதை’ என்ற சொல்லை நிறுத்திப் பார்க்க வேண்டும். நாதன் இல்லாதவன் என்பது அதன் பொருள். காப்பவன், உடையவன் இல்லாதவன். தாய் தகப்பன் செத்தார்களா என்பதைப் பற்றி அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லை. காப்பவன் உண்டா என்பதுதான் அதற்குள் இருக்கும் விசாரணை. அப்படியானால் அந்தக் கேள்வி பிள்ளையைப் பார்த்துக் கேட்கப்படவேண்டியதே அல்ல. சுற்றி நிற்கும் பெரியவர்களைப் பார்த்துக் கேட்கப்படவேண்டியது. ஒரு ஊரில் ஒரு பிள்ளை அநாதை என்று சொன்னால், அந்த ஊரில் ஆள் இல்லை என்று பொருள்.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் பிறந்த உடனே தாயால் கைவிடப்பட்டவன். ஏழு நாள் ஒரு பசு பாலூட்டியது. பிறகு ஓர் அந்தணர் எடுத்து வளர்த்து வேதம் படிப்பித்தார். வேள்விக்குக் கட்டிய பசுவை அவிழ்த்துவிட்டதற்காக, பிறப்பைச் சொல்லி இழித்து, படித்த ஊரே அவனைத் துரத்தியது. மதுரைக்குப் போய்ப் பிச்சையெடுத்து, குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தை உண்டான். ஒரு மழைநாள் இரவில் கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றவனுக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தவள் சிந்தாதேவி, கலைமகள். சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தது கல்வித் தெய்வம் என்று அந்தக் காப்பியம் வைத்திருப்பதைப் பசித்த பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்திய எந்த ஆசிரியரும் உடனே விளங்கிக்கொள்வார். பத்து மணிக்கு மயங்கி விழுகிற பிள்ளைக்குப் பின்னம் படிப்பிக்க முடியாது.

முல்லைத்தீவு ஒரு சமயத்தின் ஊர் அல்ல. கரையோரத்தில் கத்தோலிக்கர், தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம்கள், உள்ளே சைவர்கள். இஸ்லாத்தின் நபி பிறக்கும் முன்பே தகப்பனை இழந்தவர், ஆறு வயதில் தாயையும் இழந்தவர். அநாதையாக இருந்த உமக்கு இறைவன் அடைக்கலம் தரவில்லையா, ஆகவே அநாதையை ஒடுக்காதீர் என்று குர்ஆன் அவருக்கே நினைவூட்டுகிறது. அநாதையை விரட்டுகிறவனே மார்க்கத்தைப் பொய்யாக்குகிறவன் என்று இன்னொரு அத்தியாயம் தொடங்குகிறது. அநாதையையும் விதவையையும் அவர்களுடைய துன்பத்தில் சென்று பார்ப்பதையே மாசற்ற சமயம் என்று யாக்கோபின் திருமுகம் வரையறுக்கிறது. இத்தனை வேதங்கள் ஓதப்பட்ட மாவட்டத்திலிருந்துதான் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். அந்தப் பிள்ளைகள் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வேற்றூர்ப் பள்ளிகளின் மாலைநேர வகுப்புகளில் படித்தார்கள். அவர்களுக்குத் தாய் தகப்பன் இருந்தார்கள். ஊர் இல்லாமல் போனது.

பிள்ளையைப் படிப்பிப்பது யாருடைய வேலை என்பதற்குப் பழந்தமிழில் ஒரு பட்டியலே உண்டு. புறநானூற்றில் பொன்முடியார் பாடியது. பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்தது. பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தகப்பனுக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நல்லொழுக்கம் தருவது வேந்தனுக்கு, களிறெறிந்து மீள்வது பிள்ளைக்கு. ஒவ்வொன்றையும் அந்தப் புலவர் ‘கடன்’ என்கிறார். வன்னி மண்ணில் அந்தப் பட்டியல் சொல்லுக்குச் சொல் நடந்தேறியது. கடைசிக் கடனைப் பிள்ளைகளிடம் வலிந்து அறவிட்டார்கள். போரின் இறுதி ஆண்டுகளில் புலிகளின் ஆட்சேர்ப்புக்குப் பயந்து பிள்ளைகளைப் பதுங்குகுழிக்குள் ஒளித்த தாய்மார் உண்டு, பதினாறு வயதில் தாலி கட்டிவைத்தவர்கள் உண்டு. மறுபக்கத்தில் 2006 ஆகஸ்ட் 14ஆம் தேதி வல்லிபுனம் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு போட்டதில், பயிற்சிநெறி ஒன்றுக்கு வந்து தங்கியிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட உயர்தர மாணவிகளும் இளம்பெண்களும் கொல்லப்பட்டார்கள். அதற்கும் முன்னர், 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், கரையோரத்தில் இருந்த செந்தளிர் இல்லத்தின் பிள்ளைகளில் மிகப் பலரைக் கடல் எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே ஒருமுறை பெற்றோரை இழந்து அந்த இல்லத்துக்கு வந்திருந்த பிள்ளைகள் அவர்கள்.

போர் முடிந்தபோது படையினரிடம் சரணடைந்தவர்களில் 594 பேர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள். அவர்களில் படிக்க விரும்பியவர்கள் கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானை இந்துக் கல்லூரியில் சேர்க்கப்பட்டார்கள். துவக்கைக் கீழே வைத்த கை மறுபடி கொம்பாசுப் பெட்டியைத் திறந்தது. பொன்முடியாரின் பட்டியலில் இல்லாத ஒரு வரி அங்கே எழுதப்பட்டது. பட்டியலின் முதல் இரண்டு பேரும் இல்லாதபோது அவர்களுடைய கடன் யார் தலையில் விழும் என்று பழைய புலவர் சொல்லவில்லை. கடனாளி செத்தால் கடன் அழிந்துபோவதில்லை. அது ஊரின் மேல் வந்து நிற்கிறது என்றுதான் கொள்ளவேண்டும்.

தமிழில் கடன் என்றால் செய்யவேண்டியது என்றும் பொருள், திருப்பிக் கொடுக்கவேண்டியது என்றும் பொருள். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. தருமம் என்ற சொல் பின்னர் உள்ளே வந்து, கொடுப்பவரின் புண்ணியத்தைப் பேசத் தொடங்கியது. சிறுவர் இல்லங்களில் நடப்பதைக் கிட்ட நின்று பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கும் ஒருவரின் தகப்பனுடைய நினைவுநாள். அன்றைய மதியச் சாப்பாடு அவருடைய செலவு. சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம், பாயாசம். இலைக்கு முன்னால் பிள்ளைகள் இருக்கிறார்கள். இறந்தவரின் படம் போட்ட பதாகை சுவரில் கட்டப்படுகிறது. தேவாரம் பாடி, அவருடைய ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிடம் கண்ணை மூடுகிறார்கள். பிறகு படம் பிடிக்கிறார்கள். படம் முகநூலுக்குப் போகிறது. கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார், சமைத்தவரும் அன்போடுதான் சமைத்தார். ஆனால் கண்ணை மூடியிருக்கும் பிள்ளைக்குத் தன் தகப்பனுக்கு ஒருநாள் வைக்கலாமா கூடாதா என்றே இன்னும் தெரியாது. பெயரறியாத ஒருவரின் திவசத்தை அவன் மாதத்துக்குப் பலமுறை சாப்பிடுகிறான். அந்தப் பதாகையையும் படத்தையும் மட்டும் விட்டுவிட்டால் சாப்பாட்டின் ருசியில் ஒன்றும் குறையப்போவதில்லை. இதை உரத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

இன்னும் கொடியது ‘முன்வினை’ என்ற பேச்சு. பிள்ளையின் காதுபடவே சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சைவசித்தாந்தத்தைச் சாட்சிக்கு இழுப்பவர்கள் அது முழுவதும் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். உயிரைப் பிணித்திருப்பது ஆணவ இருள். உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும், தனு கரண புவன போகம் என்று சொல்லப்படுபவை, அந்த உயிர் இருளில் தட்டுத்தடுமாறாமல் இருக்க இறைவன் கருணையால் கொடுத்தவை. விடியும்வரை எரியும் விளக்குப் போல என்று சித்தாந்திகள் உவமை சொல்வார்கள். வினைக் கணக்கு இறைவனிடம் இருக்கிறது; அதை வாசிக்கும் அதிகாரம் அயலவருக்கு எங்கும் தரப்படவில்லை. மனிதருக்கு விடப்பட்டது விளக்கைக் கொளுத்தும் வேலை. ஒரு கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விடப் பெரிய கரணம் வேறொன்று இல்லை.

முல்லைத்தீவாருக்கு விளக்கைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவி உருவில் வந்து சேர்ந்தவள் கண்ணகி என்பது வற்றாப்பளைக் கோயிலின் கதை. சிறுவர்கள் அவளுக்கு இருக்க இடம் கொடுத்தார்கள், பொங்கிக் கொடுத்தார்கள். இருட்டியபோது விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள், கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. இன்றைக்கும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கு எரிக்கிறார்கள். அந்தக் கதையில் வழியற்று வந்து நின்றவள் பெரியவள், ஆதரித்தவர்கள் பிள்ளைகள்.

கோயில்களுக்கு இதில் என்ன பங்கு என்ற கேள்வியை வடக்கு முன்னரே கேட்டிருக்கிறது. ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1877இன் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்தவரும் அவரே. அடுக்களையில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்துவைத்து, அதைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தும் பிடியரிசி வழக்கம் அந்தக் காலத்தது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம், ‘இந்து போர்ட்’ இராசரத்தினத்தின் உழைப்பால் நூற்றுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்களை நடத்தியதோடு, திருநெல்வேலியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் வைத்திருந்தது. 1980களில் தெல்லிப்பழை துர்க்கையம்மன் கோயிலின் தலைவியாக இருந்த தங்கம்மா அப்பாக்குட்டி, கோயில் வருமானத்திலிருந்து துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தினார். அங்கே வளர்ந்த பெண்பிள்ளைகள் பல்கலைக்கழகம் வரை போனார்கள். வவுனியாவில் கோவில்குளம் சிவன் கோயிலைச் சார்ந்து அருளகம் என்ற சிறுவர் இல்லம் இயங்குகிறது. போருக்குப் பின்னர் வன்னியெங்கும் கோபுரங்கள் எழுந்திருக்கின்றன, கும்பாபிஷேகங்கள் நடந்திருக்கின்றன. இடிந்த கோயிலைக் கட்டுவது இடிந்த ஊரின் ஆறுதல். ஆனால் தங்கம்மா அம்மையார் காட்டிய கணக்குப் புத்தகத்தை வைத்துப் பார்க்கும் பரிபாலன சபைகள் போதாது.

இல்லம் மட்டுமே வழி என்பதும் இல்லை. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டது. கூலிவேலைக்கு விடிய ஐந்து மணிக்குப் போகிற தாய், பிள்ளை படிக்கட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு கொண்டுவந்து விடுகிறாள். வறுமையை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை வழிகாட்டல்களை ஏற்றுக்கொண்டது 2009 டிசம்பரில். முள்ளிவாய்க்காலின் சனம் அப்போதும் மெனிக் பாம் முகாமில் இருந்தது. இல்லத்தில் ஒரு பிள்ளைக்குச் செலவாகும் பணத்தின் ஒரு பங்கைத் தாயின் கையில் கொடுத்தால் எத்தனையோ பிள்ளைகள் தங்கள் பாயிலேயே படுத்தெழும்பிப் பள்ளிக்குப் போகும். அதற்குப் பதாகை கட்டச் சுவர் கிடையாது. அதனால்தானோ என்னவோ அந்த வழிக்குக் கொடையாளர் குறைவு.

சட்டத்தின்படி பார்த்தால் கடன் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதுதான். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1980இலிருந்து பாடநூல் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணி. கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினான்கிலிருந்து பதினாறாக உயர்ந்தது. எஞ்சியிருப்பவை சின்னச் சின்னக் கணக்குகள்: துணி தைக்கிற கூலி, சப்பாத்து, பஸ் காசு, ரியூசன் காசு, வசதிக் கட்டணம். துணுக்காய்ப் பக்கத்தில் பஸ் தவறினால் அன்றைக்குப் பள்ளிக்கூடமே தவறிவிடும். முகாமில் எரிந்தும் கிழிந்தும் போன பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க அலைந்த பிள்ளைகள், சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் அடையாள அட்டைக்காகவும் அலைந்தார்கள்.

2009 மே மாதத்தில் கைக்குழந்தையாகப் பாலத்தைக் கடந்தவர்கள் இப்போது அந்தப் பதினாறு வயதைத் தாண்டிவிட்டார்கள். தகப்பனின் முகம் அவர்களுக்குப் படத்தில் பார்த்ததுதான். சிலருக்குப் படமும் இல்லை. காலையில் மணி அடிக்கும். ஒன்றுகூடலில், தாயும் தகப்பனும் இல்லாமல் அக்காவின் கையில் வளர்ந்த ஒருவரின் தேவாரத்தைப் பாடிவிட்டு வகுப்புக்குள் போய் இருப்பார்கள். ரீச்சர் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடத் தொடங்குவார். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. க., செ., இ., வே. இருக்கிறாரா இல்லையா என்று கடற்கரையும் கச்சேரியும் தீர்த்துச் சொல்லாத அந்தத் தகப்பன்மாரின் எழுத்துகளை அவர் ஒன்றுவிடாமல் வாசிக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள்.